ஹெல்மெட் விசர் கிராக் ஆயிடுச்சா? எந்த மாதிரி கிராக்னு பாத்துட்டு அப்புறம் பசையை எடுங்க

போன மே மாசம் கத்திரி வெயில்ல சென்னை கோவளம் பக்கம் ஒரு டீக்கடை ஓரமா சைக்கிளை சாய்ச்சு வெச்சுட்டு, ஹெல்மெட்டை ஹேண்டில்பார்ல மாட்டிட்டு டீ குடிச்சிட்டு இருந்தேன். ஈசிஆர்ல ஒரு பஸ் போன வேகத்துல சைக்கிள் ஆடி, ஹெல்மெட் கழண்டு குப்புற விழுந்துச்சு. முன்னாடி வெயிலுக்கு நீட்டிக்கிட்டு இருக்கும்ல பீக், அதுல ஓரத்துலேர்ந்து ஒரு விரல் நீளத்துக்கு கிராக். வீட்டுக்கு வந்ததும் அவசரத்துல பத்து ரூபா சூப்பர் க்ளூவை எடுத்து, பீக்கை கழட்டக்கூட இல்லாம அப்படியே ஊத்தினேன், அதுல ரெண்டு சொட்டு உள்ள இருக்கிற தெர்மாகோல்ல வழிஞ்சு நெருப்பு வெச்ச மாதிரி குழி விழுந்துடுச்சு. பீக் மூணு நாள் தாங்குச்சு. நாலாவது நாள் திருவான்மியூர் தாண்டறதுக்குள்ள திரும்ப விரிஞ்சு, முன்ன இருந்ததை விட அரை இஞ்ச் நீளமா ஓடியிருந்துச்சு. ஆக ஒரு இருபது நிமிஷ ரிப்பேர்ல நல்லா இருந்த ஹெல்மெட்டும் போச்சு, பீக்கும் போச்சு.

அந்த ஹெல்மெட்டை தூக்கி போட்டுட்டேன், பீக்கை மட்டும் கை பழகறதுக்குன்னு வெச்சுக்கிட்டேன். அப்புறம் எங்க ரைடிங் க்ரூப்ல இருக்கறவங்க விசர் (முகத்துக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி வருமே, அது), அக்கா பையன் ஸ்கேட்டிங் ஹெல்மெட் பீக்னு ஒவ்வொண்ணா வீட்டுக்கு வர ஆரம்பிச்சுது. பாத்ததுல ஒண்ணு புரிஞ்சுது: எல்லாரும் பசையைப் பத்தியே யோசிக்கிறாங்க, கிராக் இன்னும் ஓடிட்டு இருக்குங்கிறதை யாரும் பாக்கறதில்ல. கிராக்கோட முனையை நிறுத்தாம மேல எவ்ளோ ஒட்டினாலும் அது அடியில போய்க்கிட்டே தான் இருக்கும்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி

பீக்கோ விசரோ, முதல்ல ஹெல்மெட்லேர்ந்து கழட்டுங்க. கழட்ட வராத மாடலா இருந்தா அதை வீட்ல ஒட்டவே ஒட்டாதீங்க. தெர்மாகோல்னு நாம சொல்றது இபிஎஸ் ஃபோம், அது பாலிஸ்டைரீன்ங்கிற பிளாஸ்டிக். சூப்பர் க்ளூ, அசிட்டோன், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எது பட்டாலும் கரைஞ்சிடும். அடி விழுந்தா அந்த ஃபோம் தான் நசுங்கி வேகத்தை வாங்கிக்குது, அதுல குழி இருந்தா அந்த இடத்துல உங்க மண்டைக்கு ஒண்ணும் கிடையாது.

கழட்டினதும் உள்ள இருக்கிற துணி பேடை எல்லாம் பிச்சுட்டு ஃபோமை ட்யூப்லைட் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் உள்ளங்கையால லேசா அமுக்கினா நறநறன்னு சத்தம் வருதா, எங்கயாச்சும் கோடு விரியுதான்னு கவனிங்க. கோடு இருந்தா விசரைப் பத்தி பேச்சே இல்ல, ஹெல்மெட் முடிஞ்சுது. தலையில போட்டுட்டு இருக்கும்போதே விழுந்திருந்தீங்கன்னா கோடு தெரியலைன்னாலும் முடிஞ்சுது தான், ஏன்னா இபிஎஸ் ஒரு தடவை தான் நசுங்கும், திரும்ப எழும்பாது. தூக்கிப் போடும்போது ஸ்ட்ராப்பை அறுத்துட்டு போடுங்க, இல்லன்னா காயலான் கடை வழியா சுத்தி வந்து வேற யாரோ ஒரு பையன் தலையில அது திரும்ப ஏறும்.

என்ன பிளாஸ்டிக்னு தெரியாம ஆரம்பிக்காதீங்க

பீக்கோட அடிப்பக்கம் சின்னதா இங்கிலீஷ் எழுத்து அச்சடிச்சிருக்கும், ஏபிஎஸ், பிபி, பிசி (பாலிகார்பனேட்), இல்லன்னா முக்கோணத்துக்குள்ள நம்பர். 5-ன்னா பாலிப்ரொப்பிலீன், அதாவது பிபி. 7-ன்னா "மத்தது", அதுல பாலிகார்பனேட்டும் வரும், வேற என்னென்னவோவும் வரும், அதனால 7-ஐ வெச்சு முடிவு பண்ண முடியாது.

எழுத்தே இல்லன்னா இப்படிப் பண்ணுங்க. அடிப்பக்கம் தெரியாத ஓரத்துல பிளேடால ஒரு துளி செதில் சீவி, ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு அதுக்குள்ள போட்டு ஸ்பூனால அமுக்கி விடுங்க. சோப்பு போடாட்டி எந்தச் செதிலும் தண்ணி மேலயே ஒட்டிட்டு ஏமாத்தும். மேல வந்து மிதந்தா அனேகமா பிபி, அதோட அடர்த்தி தண்ணியை விடக் கம்மி. முங்கிட்டா பெரும்பாலும் ஏபிஎஸ், பாலிகார்பனேட், நைலான் மூணுல ஒண்ணு. அதுல ஏபிஎஸ்ஸை கண்டுபிடிக்க பட்ஸ்ல அசிட்டோன் தொட்டு அடிப்பக்கம் ஒரு புள்ளி வைங்க, கொஞ்ச நேரத்துல பிசுபிசுன்னு விரல்ல ஒட்டினா ஏபிஎஸ். நெயில் பாலிஷ் ரிமூவர்ல பண்றதா இருந்தா பாட்டில்ல அசிட்டோன் இருக்கான்னு படிங்க, இப்ப பல பாட்டில்ல அசிட்டோன் இல்லாம தான் வருது. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, பக்கத்துல சாமி விளக்கு எரியக்கூடாது, இதை விளையாட்டுக்குச் சொல்லல, அசிட்டோன் ஆவி பட்டுன்னு பத்திக்கும்.

கண்ணாடி மாதிரி இருக்கிற விசர்ல இந்த அசிட்டோன் டெஸ்ட் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பாலிகார்பனேட் தான், அசிட்டோன் பட்ட இடத்துல வெள்ளை பூத்து வலை வலையா வெடிச்சிடும்.

அறிகுறி: ஓரத்துலேர்ந்து முடி மாதிரி ஒரு கோடு, விரிஞ்சா தான் தெரியுது

இது தான் சரி பண்ண ரொம்ப சுலபம், எல்லாரும் கெடுக்கறதும் இதைத்தான்.

முதல் வேலை கோடு உண்மையிலேயே எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியற முனை பொய், அதுக்கு மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் உள்ள போயிருக்கும். கறுப்பு பீக்கா இருந்தா முகத்துக்குப் போடற பவுடரை தடவி, பீக்கை லேசா வளைச்சு விட்டுட்டு துணியால துடைங்க, கோட்டுக்குள்ள வெள்ளை மாட்டிக்கிட்டு முழு நீளமும் தெரியும். வெள்ளை பீக்னா சொட்டு நீலத்துல ஒரு துளி போதும். முனையில பென்சில்ல குறி வெச்சுட்டு, சோப்புத் தண்ணி போட்டு பழைய டூத் பிரஷ்ஷால கழுவி, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க. பவுடர் உள்ள இருந்தா பசை பவுடர்ல தான் ஒட்டும்.

அடுத்தது ஓட்டை. ஒன்றரையிலேர்ந்து ரெண்டு மில்லிமீட்டர் ட்ரில் பிட், குறி வெச்ச முனை ஓட்டைக்குள்ள வர்ற மாதிரி. முனையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல, முனைக்கு முன்னாடி நின்னுடக் கூடாது, நின்னா ஓட்டை போட்டதே வேஸ்ட். கிராக்கோட முனை ஊசி மாதிரி கூர்மையா இருக்கிறதால வளையற விசை எல்லாம் அந்த ஒரு புள்ளியில குவிஞ்சு அடுத்த மில்லிமீட்டரைக் கிழிக்குது, வட்டமான ஓட்டையில அந்த விசை சுத்திப் பரவிடும். மெஷின் ட்ரில் இருந்தா ரொம்ப ஸ்லோவா ஓட்டுங்க, அடியில ஒரு மரக்கட்டை வைங்க. நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின கையால சுத்தற குட்டி ட்ரில்ல தான் போடறேன், சர்க்யூட் போர்டுக்கு ஓட்டை போடுவாங்களே அது. அதுல அவசரப்படவே முடியாது, அது தான் அதுல நல்ல விஷயமே.

இப்ப தான் பசை. ஏபிஎஸ்ஸா இருந்தா தண்ணி மாதிரி ஓடற சூப்பர் க்ளூ, ஃபெவிக்விக் மாதிரி, பீக்கை லேசா வளைச்சு கோட்டைத் திறந்து பிடிச்சு ஒரே ஒரு சொட்டு மேல வைங்க, அதுவே உள்ள இழுத்துக்கும். விட்டுட்டு ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. நம்ம ஊர் புழுக்கத்துல இது சீக்கிரம் பிடிக்கும், ஏன்னா காத்துல இருக்கிற ஈரத்துல தான் இந்தப் பசை இறுகுது. அதே காரணத்தால தான் ஒரு தடவை திறந்த ட்யூப் அடுத்த மாசம் எடுத்தா கல்லாயிருக்கும். மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சா ரொம்ப நாள் வரும், வெளிய எடுத்து சூடு தணிஞ்சதுக்கு… அதாவது குளிர் விட்டதுக்கு அப்புறம் திறங்க, இல்லன்னா உள்ள வேர்த்துடும். வழிஞ்சதை பஞ்சால துடைக்காதீங்க, பருத்தியில சூப்பர் க்ளூ பட்டா புகை வர்ற அளவுக்கு சூடாகும், விரல் பொசுங்கும்.

பிடிச்சிடுச்சேன்னு உடனே மாட்டாதீங்க, முழு பலம் வர ஒரு நாள் ஆகும்.

கோடு ஒரு இஞ்சுக்கு மேல இருந்தா அடிப்பக்கம் ஒரு பட்டை கொடுக்கணும். ஜன்னல்ல அடிக்கிற ஃபைபர் கொசுவலையில ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடிப்பக்கத்தை எம்ரி பேப்பரால சொரசொரப்பாக்கிட்டு, அரால்டைட் மாதிரி ரெண்டு ட்யூப் எபாக்ஸியை கலந்து வலையோட சேர்த்து மெல்லிசா பூசுங்க. எம்சீல் போடாதீங்க. தண்ணி பைப்புக்கு அது ராஜா தான், ஆனா வளையற மெல்லிசான பீக்ல காய்ஞ்ச சுண்ணாம்பு மாதிரி பெயர்ந்து வந்துடும், கனம் வேற.

அறிகுறி: எத்தனை தடவை ஒட்டினாலும் பிச்சுக்கிட்டு வருது, பசை மட்டும் தனியா தோல் மாதிரி உரியுது

அது பிபி. உங்க மேல தப்பில்ல, பசை மேலயும் தப்பில்ல. எண்ணெய் தடவின தோசைக்கல்லுல மாவு ஒட்டாத மாதிரி பிபி மேல சூப்பர் க்ளூ, எபாக்ஸி ரெண்டுமே பிடிக்காது. இதுக்கு தனி ப்ரைமர் இருக்கு, ஆனா ஒரு பீக்குக்காக அதைத் தேடி அலையறதை விட உருக்கி ஒட்டறது மேல்.

25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பழைய பசையை எல்லாம் பிளேடால சுரண்டி எடுத்துட்டு, முனையில ஓட்டை போட்டுட்டு (ஆமா, இதுலயும் ஓட்டை உண்டு), அடிப்பக்கம் கோட்டு மேலயே அயர்னை ஓட்டி பாதி ஆழத்துக்கு பள்ளம் பண்ணுங்க. அந்தப் பள்ளத்தை ரொப்ப அதே பிபி வேணும். அதுக்கு ஹோட்டல்ல சாம்பார், குருமா எல்லாம் பார்சல் வருமே பிளாஸ்டிக் டப்பா, அடியில 5 போட்டிருக்கான்னு பாத்து அதுல குச்சி குச்சியா வெட்டிக்கோங்க. தண்ணி பாட்டில் மூடியை எடுக்காதீங்க, அது பெரும்பாலும் வேற பிளாஸ்டிக், பாக்க ஒண்ணா கலந்த மாதிரி இருக்கும், ஆறினதும் உரிஞ்சு வரும். கேபிள் டையும் ஆகாது, அது நைலான்.

டப்பா குச்சியை பள்ளத்துல வெச்சு அயர்னால மாவு பிசையற மாதிரி ரெண்டையும் சேர்த்து உருக்குங்க. பிபி சுமார் 160, 165 டிகிரியில உருகும், சாதாரண அயர்ன் முனை அதை விட ரொம்ப சூடு, அதனால ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, கருகி புகை வந்தா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம், புகையை மூக்குல வாங்காதீங்க. ஆறினதும் குறுக்கால ரெண்டு மூணு ஸ்டேப்ளர் பின்னை அயர்னால அமுக்கி உள்ள இறக்கி, மேல பிபி பூசி மூடிட்டா தையல் போட்ட மாதிரி நிக்கும். பின்னோட கால் மேல்பக்கமோ அடிப்பக்கமோ வெளிய தலை காட்டக்கூடாது, விரலைத் தடவிப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க.

அழகு? மேலேர்ந்து பாத்தா ஒரு கோடு தெரியும், அவ்ளோ தான். ரைட்ல எவனும் உங்க பீக்கை பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்க மாட்டான்.

அறிகுறி: ரெண்டு துண்டாயிடுச்சு, நடுவுல ஒரு சில்லு காணோம்

பிபின்னா மேல சொன்ன உருக்கு வேலையே தான், குச்சி மட்டும் கொஞ்சம் அதிகமா ஆகும்.

ஏபிஎஸ்னா ஒரு நல்ல வழி இருக்கு. உடைஞ்ச டிவி ரிமோட் மூடி, பழைய கீபோர்டு பாடி, இதெல்லாம் நிறைய ஏபிஎஸ் தான், அதே அசிட்டோன் புள்ளி டெஸ்ட் போட்டு உறுதி பண்ணிட்டு சின்னச் சின்னதா நறுக்கி ஒரு கண்ணாடி பாட்டில்ல அசிட்டோன் ஊத்தி ராத்திரி பூரா விட்டா காலையில இட்லி மாவு பதத்துக்கு குழம்பாயிருக்கும். தண்ணியா இருந்தா இன்னும் துண்டு போடுங்க, கெட்டியா இருந்தா அசிட்டோன் விடுங்க. இதை உடைஞ்ச ரெண்டு ஓரத்துலயும் தடவி சேர்த்தா அது ஒட்டறதில்ல, ரெண்டும் கரைஞ்சு ஒரே பிளாஸ்டிக்காவே ஆயிடுது. காணாமப் போன சில்லு இடத்துக்கு அடியில செல்லோ டேப்பை விரிச்சு மேல கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு தடவையா ஊத்துங்க, ஒரே தடவையில ஊத்தினா உள்ள அசிட்டோன் மாட்டிக்கிட்டு குமிழ் குமிழா வரும், மாசக்கணக்குல மெத்துனே இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் விடுங்க. பெயின்ட் அடிச்ச பீக்னா பெயின்ட் கரையும், அதனால அடிப்பக்கத்துலேர்ந்தே வேலை செய்யுங்க.

ஒட்டும்போது பீக் எந்த வளைவுல ஹெல்மெட்ல உக்காருமோ அதே வளைவுல இருக்கணும், இது முக்கியம். மேஜை மேல தட்டையா வெச்சு ஒட்டிட்டு அப்புறம் வளைச்சு மாட்டினா மாட்டின நிமிஷத்துலேர்ந்தே ஒட்டின இடத்தை ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டே இருக்கும். எங்க வீட்ல பழைய எவர்சில்வர் குடம் ஒண்ணு இருக்கு, அதோட வயிறு கிட்டத்தட்ட நெத்தி வளைவு, பேப்பர் சுத்தி அது மேல வெச்சு ரப்பர் பேண்ட் போட்டுடுவேன். அம்மா மூணு தடவை திட்டிட்டாங்க.

அறிகுறி: ஸ்க்ரூ ஓட்டையிலேர்ந்து கிராக் கிளம்பி ஓடுது

இங்க கிராக்கை மூடறதுக்கு முன்னாடி காரணத்தைப் பாருங்க. காரணம் பெரும்பாலும் ரெண்டு தான். ஒண்ணு, ஸ்க்ரூவை வண்டி நட்டை முடுக்கற மாதிரி முடுக்கறது. பிளாஸ்டிக்ல போடற ஸ்க்ரூவை விரலால திருகிட்டு, அப்புறம் கால் சுத்து மட்டும் டைட் பண்ணா போதும்.

இன்னொண்ணு யாரும் சந்தேகப்படாதது: ஸ்க்ரூ லூசாகாம இருக்க போடுவோமே லாக்கிங் லிக்விட், நீலம் சிவப்புன்னு வரும். அது இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துக்கு மட்டும் தான். பாலிகார்பனேட், ஏபிஎஸ்ல பட்டா ஓட்டையைச் சுத்தி ரெண்டு நாள்ல நட்சத்திரம் மாதிரி கோடு கோடா வெடிக்கும். எங்க க்ரூப்ல ஒரு தம்பி, ரொம்ப பொறுப்பான பையன், நாலு ஸ்க்ரூவுக்கும் அதை போட்டு ஒரு வாரத்துல நாலு ஓட்டையிலும் கிராக் விட்டு எடுத்துட்டு வந்தான். "அண்ணா நான் எங்கயும் இடிக்கவே இல்லண்ணா"ன்னு சத்தியம் பண்றான், உண்மையில இடிக்கல தான்.

சரி பண்றது: ஒவ்வொரு கோட்டு முனைக்கும் ஓட்டை, அப்புறம் அந்தந்த பிளாஸ்டிக்குக்கு ஏத்த ஒட்டு, ஸ்க்ரூவுக்கு அடியில அகலமான நைலான் இல்ல ரப்பர் வாஷர். புதுப்பேட்டையில ஸ்க்ரூ வாஷர் விக்கிற எந்தக் கடையிலயும் "அண்ணே, இந்த சைஸ்ல பிளாஸ்டிக் வாஷர்"னு பழசைக் காமிச்சா எடுத்துக் குடுப்பாங்க. ஸ்க்ரூ துருப் பிடிச்சிருந்தா அப்படியே மாத்திடுங்க, கடலோரம் ஓட்டறவங்களுக்கு உப்புக்காத்துல அது உப்பி, கழட்டும்போது தான் ஓட்டையே கிழியுது.

அறிகுறி: பீக் நல்லா இருக்கு, மாட்டற காது உடைஞ்சிடுச்சு

எல்லாருக்கும் கை போறது போல்ட் நட்டுக்கு. வேண்டாம். வெளியிலேர்ந்து உள்ள போற எந்த இரும்பும் அடி விழுந்தா உங்க மண்டையைப் பாத்து தான் போகும். அது மட்டுமில்ல, நிறைய ஹெல்மெட்ல பீக் அமுக்கி மாட்டற மாதிரி இருக்கிறதே விழும்போது அது தெறிச்சுப் போகணும்னு தான். கழுத்தைத் திருகாம அது போயிடணும். நீங்க அதை அசையாத மாதிரி இறுக்கிட்டா, தரையில பீக் மாட்டிக்கிட்டு தலையை இழுக்கும். அதனால இந்த ஒரு ரிப்பேர் மட்டும் கொஞ்சம் வீக்கா இருக்கிறது தான் சரி.

வெல்க்ரோ போதும். பீக் பக்கம் ஒரு துண்டு, ஹெல்மெட் வெளி ஓட்டுல ஒரு துண்டு, பின்னாடியே பசையோட வர்றது. ஹெல்மெட் பக்கம் தனியா எந்தப் பசையும் போடக்கூடாது. ஓட்டு மேல அழுக்கை சோப்புத் தண்ணியில துடைச்சு காய வெச்சுட்டு ஒட்டுங்க. முட்டுக்காடு பாலத்து மேல வர்ற எதிர்க்காத்துல என்னோடது இதுவரைக்கும் பறக்கல.

அறிகுறி: கண்ணாடி விசர்ல கிராக்

முன்னாடி காந்தத்துல டக்குன்னு ஒட்டிக்குற ட்ரான்ஸ்பரன்ட் விசர் இப்ப சைக்கிள் ஹெல்மெட்ல நிறைய வருது. இதுல எங்க கிராக்ங்கிறது தான் எல்லாமே. மாட்டிட்டு நேரா பாருங்க, ரோட்டைப் பாருங்க, ரெண்டு பக்கம் ஓரக்கண்ணால பாருங்க. கோடு எப்பவாவது கண்ணுல பட்டா ஒட்டாதீங்க, மாத்துங்க. ராத்திரி எதிர்ல வர்ற லாரி லைட்டு அந்தக் கோட்டுல பட்டு நீளமா சிதறும், அது போக கிராக் விட்ட இடம் உடைஞ்சா சில்லு போற தூரத்துல கண்ணு தான் இருக்கு.

கோடு காதுப் பக்கம் ஓரத்துல மட்டும் இருந்தா ஓட்டை போட்டு நிறுத்திட்டு ட்ரான்ஸ்பரன்ட் எபாக்ஸியை பல்குத்தற குச்சியால தொட்டு வைங்க. இங்க சூப்பர் க்ளூ எடுக்காதீங்க, ஏன்னு அடுத்து சொல்றேன். செல்போன் டெம்பர்டு கிளாஸ் ஒட்டற யூவி பசையை ஒருத்தர் போட்டுப் பாத்தார், மேல காஞ்சுது, உள்ள காயல. பாலிகார்பனேட் தானாவே யூவியைத் தடுக்கும், வெயில்ல எவ்ளோ நேரம் வெச்சாலும் கோட்டுக்குள்ள யூவி வெளிச்சம் போய்ச் சேராது.

அறிகுறி: ஒட்டினதைச் சுத்தி வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி

சூப்பர் க்ளூ காயும்போது ஆவியா கிளம்பி, பக்கத்துல ஈரத்தோட சேர்ந்து வெள்ளையா படியும். பசை அதிகமா போட்டாலோ காத்தோட்டம் இல்லாத இடத்துல காய வெச்சாலோ ரொம்ப வரும், புழுக்கம் இருந்தா இன்னும் மோசம். கறுப்பு பீக்ல இது அசிங்கம் மட்டும் தான், தேங்காய் எண்ணெய் ஒரு துளி தொட்டு மெத்து துணியால தேய்ச்சு சோப்பு போட்டுக் கழுவினா லேசான பனி மறையும். கண்ணாடி விசர்ல அழுத்தமா படிஞ்சுட்டா எடுக்கிறதுக்கு வழி இல்ல, பாலிஷ் போட்டா கீறல் விழாம இருக்க மேல பூசின கோட்டிங்கும் சேர்ந்து போயிடும். அடுத்த தடவைக்கு: டேபிள் ஃபேன் ஓடணும், பசை ஒரு சொட்டு.

அறிகுறி: எங்கயும் இடிக்கல, ஆனா சிலந்தி வலை மாதிரி நூத்துக்கணக்குல மெல்லிசு கோடு

இதுக்கு ரிப்பேர் இல்ல. ஏதோ ஒரு கெமிக்கல் பட்டிருக்கு. பெட்ரோல் தொட்ட துணி, தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே, கையில இருந்த கொசு விரட்டி க்ரீம், ஸ்டிக்கர் பசையை எடுக்கப் போட்ட ஏதோ ஒண்ணு. பாலிகார்பனேட் வளைஞ்சு இழுத்த நிலையில இருக்கும்போது இதெல்லாம் பட்டா, உள்ள இருக்கிற இழுவிசையே அதைக் கொஞ்சம் கொஞ்சமா கிழிக்கும். மேல தெரியறது நூறு கோடுன்னா ஒரு கல் தெறிச்சா எல்லாம் ஒண்ணா விட்டுடும். புதுசு வாங்கினதும் வெதுவெதுப்பான தண்ணியும் பேபி ஷாம்பூவும் தவிர எதுவும் தொடக்கூடாதுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, குறிப்பா வண்டியைத் துடைக்கிற துணியாலயே ஹெல்மெட்டையும் துடைக்கிற ஆள் யாரோ அவங்ககிட்ட. ஈசிஆர்ல போயிட்டு வந்தா மேல உப்பும் மணலும் இருக்கும், காய்ஞ்ச துணியால தேய்க்காம முதல்ல தண்ணியை ஊத்திடுங்க.

கிரிக்கெட் ஹெல்மெட், பைக் ஹெல்மெட்

கிரிக்கெட் ஹெல்மெட்ல பீக் கிராக் விட்டாலோ கிரில் நெளிஞ்சாலோ ஒட்டறது, தட்டி நிமித்தறது எதுவும் கிடையாது. பீக்குக்கும் கிரில்லுக்கும் நடுவுல இருக்கிற சந்து வழியா பந்து உள்ள வரக்கூடாதுங்கிறது தான் 2013-ல வந்த பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டோட முக்கியமான டெஸ்ட்டே, பிஎஸ் 7928:2013-ன்னு உள்ள லேபிள்ல போட்டிருக்கும். கிராக் விட்ட பீக் பந்து பட்டா மேல வளையும், சந்து பெருசாகும். அக்கா பையன் ஒரு தடவை "மாமா இதையும் ஒட்டிக் குடுங்க"ன்னு தூக்கிட்டு வந்தான். ஸ்கேட்டிங் பீக்கை ஒட்டிக் குடுத்த மாமா இதை மட்டும் ஏன் மாட்டேங்கறாருன்னு அன்னிக்கு பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். மாத்திக்கிற மாதிரி கிரில் இருந்தா அதே கம்பெனி, அதே மாடல் கிரில் மட்டும்.

பைக் ஹெல்மெட் விசரும் அப்படித்தான். 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டு அடிச்சாலே கல் மாதிரி இருக்கும், ஒட்டின விசரை நம்பி போக முடியாது. ஜிபி ரோடு, புதுப்பேட்டையில அதே மாடலுக்கு விசர் சில நூறு ரூபாயில கிடைக்கும், பழைய விசரை மட்டும் கழட்டிக் கொண்டு போனா பத்தாது, ரெண்டு பக்கமும் அது உக்கார்ற மெக்கானிசம் மாடலுக்கு மாடல் மாறும், அதனால ஹெல்மெட்டையே கையில எடுத்துட்டுப் போங்க.

அறிகுறி: ரிப்பேர் நல்லா நிக்குது, ஆனா ஓட்டும்போது விசில் சத்தம்

நிறுத்தறதுக்குப் போட்ட ஓட்டை தான் ஊதுது. எதிர்க்காத்துல புல்லாங்குழல் கணக்கா ஒரே சுதியில வரும், அடையாறு தாண்டறதுக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும். அடிப்பக்கம் டேப் ஒட்டிட்டு மேலேர்ந்து ஒரு துளி எபாக்ஸி விட்டு மூடுங்க. பிபி பீக்னா எபாக்ஸி நிக்காது, டப்பா குச்சியை உருக்கி அடைச்சிடுங்க. அப்பவும் சத்தம் வந்தா அது ஓட்டை இல்ல, பீக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து, அங்க ஒரு மெல்லிசு ஸ்பாஞ்ச் டேப் துண்டு வெச்சா நின்னுடும்.